கண்டி: எண்பத்துமூன்று பாகை

786

திருகோணமலை வீதி, கண்டி
1932 மார்ச் 20, ஞாயிறு

அன்பின் நண்பர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

இறைவன் காவலில் நானும் மஸீனாவும் சுகமாக இருக்கிறோம். கொழும்புப் புழுக்கத்தில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகைக் கந்தோர் விலாசத்துக்கு எழுதினால் கடிதம் ஆசிரியரின் மேசைக்குப் போய்விடும். அதனால்தான் உங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு எழுதுகிறேன்.

இங்கே ஐந்து வாரமாக மழை இல்லை. நகரசபைக் குழாய் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும்தான் திறக்கிறது. வாவியின் ஓரத்தில் பாசி காய்ந்து தோலைப் போல உரிகிறது. அக்குறணையில் என் தம்பி வீட்டுக் கிணறு வற்றிவிட்டது. இவற்றை எல்லாம் தந்தியில் எழுதினேன், நீங்கள் போட்டீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் எழுத வந்தது சென்ற செவ்வாய்க்கிழமை, பதினைந்தாம் திகதி மாலை அனுப்பிய தந்தியைப் பற்றி. ஹந்தானை அடிவாரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த இருளாயி என்ற பெண், வயது முப்பத்துநான்கு, பகல் ஒன்றே முக்காலுக்கு மலையிலேயே விழுந்தாள். மூன்று மணிக்கு லயத்து அறையில் இறந்தாள். அந்த மலை சென்ற ஆண்டு கவ்வாத்து வெட்டியது. செடி முழங்கால் உயரம்கூட வளரவில்லை. நிழல்மரங்களின் கிளைகளையும் வெட்டிவிட்டிருக்கிறார்கள். காலை ஆறரை தொடங்கி அங்கே நாற்பத்திரண்டு பெண்கள் நின்றார்கள். இவ்வளவையும் ஏழு வரியில் எழுதியிருந்தேன்.

புதன்கிழமைத் தாளில் “கண்டியில் வெயிலின் விளையாட்டு” என்று தலைப்பு வந்தது. முதலில் கட்டுகஸ்தோட்டை ஆற்றில் யானைகள் குளித்தது. பிறகு ஐஸ் கட்டிக்கு இருந்த கிராக்கி. அதற்குப் பிறகு குடை விற்பனை. கடைசியில், “தோட்டத் தொழிலாளி ஒருத்தி மயங்கி விழுந்து இறந்ததாகவும் தெரிகிறது.” தெரிகிறது என்று போட்டிருக்கிறீர்கள். நான் லயத்துக்குப் போய் அவளுடைய கால்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன்.

அந்தத் தலைப்பு உங்கள் கையால் வந்தது என்று எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதவில்லை. யானை குளித்த செய்தியை முதல் நாள் அனுப்பியவன் நான்தான். எத்தனை வருடமாக நாம் இருவரும் வெயிலை இப்படித்தான் எழுதி வருகிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். மார்ச்சில் யானை குளிக்கும், ஏப்ரலில் துரைமார் நுவரெலியாவுக்குப் போவார்கள், மே மாதம் மழை வரும். மூன்றையும் எழுதினால் அந்த ஆண்டு வெயில் முடிந்துவிடும். வெள்ளம் வந்தால் கூரையில் ஏறி நிற்கிறவர்களைப் படம் பிடிக்கலாம். மண் சரிந்தால் எத்தனை பேர் என்று எண்ணலாம். வெயிலில் செத்தவளைப் பார்த்தால் தூங்குகிறவளைப் போலவே இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மரண விசாரணை தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சர் வந்து, அவளுக்கு ஏற்கனவே காய்ச்சல் இருந்தது, இருதயமும் பலவீனம் என்றார். காய்ச்சல் என்று எப்படித் தெரியும் என்று விசாரணை அதிகாரி கேட்டார். உடம்பு கொதித்தது என்று பதில் வந்தது. எப்போது தொட்டுப் பார்த்தீர் என்றார். மலையிலிருந்து தூக்கி வந்த பிறகு என்றார் டிஸ்பென்சர். அங்கே யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

இறந்தவளின் தங்கை சுப்பம்மா சாட்சி சொன்னாள். அதே கூட்டத்தில் புல்லு வெட்டுகிறவள். ஏழு மாதக் கர்ப்பிணி. “எங்கக்காவுக்குக் காச்சலும் இல்ல ஒண்ணும் இல்லங்க. காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நின்னுச்சு, ரொட்டி தின்னுச்சு. வெயிலுதாங்க அடிச்சிருச்சு” என்றாள்.

அப்போது தோட்டத்துக்காக வாதாட வந்த பிரக்கிராசி எழுந்து நம்முடைய புதன்கிழமைத் தாளை எடுத்து நீட்டினார். “நேற்றைய உச்ச வெப்பம்” என்ற பெட்டியைக் காட்டினார். பாரன்ஹீட் பாகையில் கொழும்பு எண்பத்தெட்டு, கண்டி எண்பத்துமூன்று. இதைவிட ஐந்து பாகை கூடிய கொழும்பில் யாரும் செத்து விழவில்லையே என்றார். விசாரணை அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டார். பத்திரிகைக்காரன் கதிரையில் இருந்த நானும் பழக்கத்தில் 83 என்று குறித்துக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் அது என்னுடைய எண் என்று உறைத்தது.

அந்த எண் எப்படி வருகிறதென்று உலகத்தில் நம் இருவருக்கும்தான் தெரியும். வார்ட் வீதியில் பாயிஸின் மருந்துக் கடை, உள்சுவர், மருந்துப் போத்தல்கள் சூடேறாத பக்கம். அங்கே தொங்கும் தெர்மாமீட்டரைக் காலை பத்து மணிக்குப் பார்த்து, பத்தரைக்குத் தந்தி கொடுக்கிறேன். எழுத்துக் கோர்த்த முதல் பாரத்தை அச்சுக்குப் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் வரவேண்டும் என்று 1923-இல் எனக்குச் சொன்னவர் நீங்கள். அப்போது பெட்டியின் தலைப்பு “நேற்றைய வெப்பம்” மட்டும்தான். நான்கு வருடத்துக்கு முன் யாரோ “உச்ச” என்று சேர்த்தார்கள். சேர்த்ததை நான் பார்த்தேன். எழுதிக் கேட்கவில்லை.

அரசாங்கத்தின் வெப்பநிலைக் கணக்கு மாதம் முடிந்து அச்சாகி வர ஜூன் ஆகிவிடும். அதுவரை விசாரணை காத்திருக்காது. ஏப்ரல் முதலாம் திகதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வெயிலால் இறந்தாள் என்று முடிவானால், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அந்த மலையில் வேலை வேண்டாம் என்று அதிகாரி எழுதலாம். எழுத்தில் வந்தால் நிறுத்துகிறேன் என்று துரை கங்காணியிடம் சொல்லியிருக்கிறாராம். சுப்பம்மாவும் மற்ற நாற்பது பேரும் நாளைக்கும் அங்கேதான் நிற்பார்கள்.

நான் கேட்பது இரண்டே வரி. கண்டியின் எண் காலை பத்து மணிக்கு, ஒரு கடையின் உள்ளே எடுக்கப்படுவது, அது அன்றைய உச்சம் அல்ல என்று ஒரு திருத்தம். முதலாம் திகதிக்கு முன் எந்தப் பக்கத்தில் வந்தாலும் போதும். ஆசிரியரிடம் நீங்கள் பேசினால்தான் நடக்கும்.

உங்கள் பதிலை ஒவ்வொரு தபாலிலும் எதிர்பார்க்கும்,
றவூப்


கண்டி
1932 மார்ச் 26, சனி

அன்பின் நண்பருக்கு,

நேற்று முன்தினம் ட்ரங்க் கோலில் உங்கள் குரலைக் கேட்டதில் சந்தோஷம். மூன்று நிமிடத்தில் எதையும் சரியாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. நீங்கள் சொன்னதை மஸீனாவிடம் அப்படியே சொன்னேன். “றவூப், நீர் சொல்லுறது சரிதான். ஆனால் ஒம்பது வருசமாப் பிழை போட்டனாங்கள் எண்டு நாங்களே அச்சடிச்சால், நாளைக்குத் தேயிலை விலையையும் ஆர் நம்புவினம்?” இது ஆசிரியர் கேட்ட கேள்வியா, உங்கள் கேள்வியா என்று லைனில் தெரியவில்லை.

மஸீனா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஒங்கட பேப்பர்ல வெயில் பத்து மணிக்கே ஊட்டுக்குப் போயிடுது போல” என்றாள். முப்பது வருடமாக என்னோடு இருக்கிறவள். எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆதாரம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்பதாகச் சொன்னீர்கள். அதில் பிழையில்லை, நானாக இருந்தாலும் கேட்பேன். பாயிஸிடம் சொல்லித் தெர்மாமீட்டரைக் கழற்றி வாங்கினேன். பெரிய வெள்ளி என்று நேற்றுக் கந்தோர்களும் கடைகளும் பூட்டியிருந்தன. தோட்டத்தில் வேலை இருந்தது. எடுத்த எண்களை அப்படியே கீழே தருகிறேன்.

காலை பத்து மணி, கடையின் உள்சுவரில்: எண்பத்திரண்டு. பகல் பன்னிரண்டரை, மலைப் பாதையில், என் குடை நிழலில்: தொண்ணூற்றுநான்கு. இரண்டு மணி, அதே இடம், அதே குடை: தொண்ணூற்றேழு. குடையை எடுத்துவிட்டு வெட்டிய மண்ணின் மேல் கால் மணி நேரம் வைத்தபோது நூற்றிருபத்தொன்று. அதற்கு மேல் வைக்கவில்லை. கண்ணாடி உடைந்தால் பாயிஸுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு வந்து கடைச் சுவரில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூறு.

தோட்டத்துக்குள் காலை வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடுவார்கள். அதனால் மலையின் குறுக்கே போகும் பொதுப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கவில்லை. பாதையிலிருந்து பெண்கள் நின்ற வரிசை இருபது அடி தூரம் இருக்கும். கங்காணி என்னைக் கண்டும் காணாதவர் மாதிரி அடுத்த நிரைக்குப் போய்விட்டார்.

பெண்கள் தலையில் கறுப்புக் கம்பளியை மடித்துப் போட்டிருந்தார்கள். அது மழைக்கும் குளிருக்கும் கொடுத்தது. வெயிலுக்கென்று ஒன்றும் கொடுப்பதில்லை. நான் குடைக்குள் தெர்மாமீட்டர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒருத்தி, என்னை அண்ணன் முறையாக்கி, “நானா, அந்தக் குழாயில இந்த வெயிலப் புடிச்சி அடைச்சிக்கிட்டுப் போயிருங்க, புண்ணியமாப் போவும்” என்றாள். பேப்பரில் எவ்வளவு போட்டார்கள் என்று இன்னொருத்தி கேட்டாள். எண்பத்துமூன்று என்றேன். இங்கே எவ்வளவு என்றாள். தொண்ணூற்றேழு என்றேன். “அப்ப மிச்சத்த மட்டும் எங்க தலையில கொட்டிட்டாங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கையை நிறுத்தாமல் சிரித்தார்கள்.

சுப்பம்மா சிரிக்கவில்லை. குனிய முடியாமல் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தகரம் பாதையோரம் இருந்தது. அவள் குடிக்க வந்தபோது, இலேசான வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். அக்கா செத்துப்போன பயத்தில் சாக்குச் சொல்கிறாள் என்று கணக்கப்பிள்ளை திட்டினாராம். பிறகு என்னிடம் கேட்டாள்: “தொரை எழுத்துல வந்தா நிப்பாட்டுறேன்னு சொல்லிட்டாராம். எழுத்து எங்கேருந்து நானா வரும்?”

கொழும்பிலிருந்து வரும் என்றேன். அப்படிச் சொன்னதற்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

எண்களுடன் பாயிஸின் கையெழுத்தும் இதனுடன் இருக்கிறது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் தாள் மிச்சமிருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தாள் காலை இரயிலில் எட்டரைக்குக் கண்டிக்கு வந்துவிடும், விசாரணை பத்து மணிக்கு. அதிலே வந்தாலும் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

உங்கள் கையில் விட்டுவிட்டு அமைதியாக இருக்கப் பார்க்கும்,
றவூப்


கண்டி
1932 ஏப்ரல் 3, ஞாயிறு

அன்பின் நண்பருக்கு,

வெள்ளிக்கிழமை நடந்ததை நேராக எழுதுகிறேன். தந்தியில் அனுப்பியது நீங்கள் பார்த்ததுதான். அதில் என்னைப் பற்றி எழுதவில்லை.

எட்டரைக்கு ஸ்டேசனுக்குப் போய்க் கட்டைப் பிரித்து முதல் தாளை நானே எடுத்தேன். கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். ஐந்தாம் பக்கம் முழுவதும் சித்திரைப் புத்தாண்டுப் புடைவை விளம்பரம். திருத்தம் இல்லை. பிளாட்பாரத்தில் நின்றபடியே இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தேன்.

விசாரணையில் நானே சாட்சி சொல்கிறேன் என்று எழுந்தேன். பிரக்கிராசி அதை எதிர்பார்த்தவர் மாதிரி இருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். எங்கே நின்று அளந்தீர்கள் என்றார். பொதுப் பாதையில் என்றேன். ஆகவே பெண்கள் வேலை செய்த இடத்தில் அளக்கவில்லை. இல்லை. அவள் இறந்த நாளில் அளக்கவில்லை. இல்லை, பத்து நாளுக்குப் பிறகு. இந்தத் தெர்மாமீட்டரை யார் பரீட்சித்துச் சான்று கொடுத்தது? யாருமில்லை. இதே தெர்மாமீட்டரிலிருந்துதான் ஒன்பது வருடம் பத்திரிகைக்கு எண் போனதா? ஆம். பத்திரிகையில் வரும் எண் பிழை என்று உங்கள் ஆசிரியருக்கு அறிவித்தீர்களா? அறிவித்தேன். அவர் திருத்தம் வெளியிட்டாரா?

இல்லை என்றேன்.

இத்தோடு போதும் என்று உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது. பத்து மணிக்கு எடுத்த எண் பத்து மணிக்கு உண்மை, அதை இரண்டு மணிக்குப் பொருத்தினதுதான் பிழை என்று விளக்க வாயெடுத்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று மொழிபெயர்ப்பாளர் முதலியார் சொன்னார். முப்பது வருடம் மற்றவர்களுடைய சாட்சியத்தைச் சுருக்கி எழுதியவன் நான். அன்றைக்கு என்னுடையதைச் சுருக்கினார்கள்.

காய்ச்சலும் இருதய பலவீனமும் என்று முடிவாயிற்று. பகல் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருளாயியின் புருஷன் சடையன் வாசலில் என்னிடம் வந்து, முடிவு நல்லதா கெட்டதா என்று கேட்டார். உள்ளே ஆங்கிலத்தில் வாசித்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். “சரிங்க நானா, அது போயிருச்சு. தங்கச்சிய மலையில நிக்க வெப்பாங்களா, மாட்டாங்களா?” என்றார். வைப்பார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று, சனிக்கிழமைத் தாளின் ஏழாம் பக்கத்தில், காணாமற்போன நாயைத் தேடும் விளம்பரத்துக்குக் கீழே, அந்த வரி வந்திருந்தது. “கண்டி வெப்பநிலை காலையில் எடுக்கப்படுவதாக நமது நிருபர் அறிவிக்கிறார்.” புடைவை விளம்பரம் இடத்தைப் பிடித்திராவிட்டால் வெள்ளிக்கிழமையே போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்கு நீங்கள் எத்தனை பேரோடு முரண்பட்டிருப்பீர்கள் என்பதும் தெரியும். வெட்டி எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியின் கந்தோருக்குப் போனேன். விசாரணைப் புத்தகம் மூடி அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போய்விட்டது என்று கிளாக்கர் சொன்னார். வெட்டிய துண்டைப் படித்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் இன்றைக்கும் “உச்ச” என்றுதானே இருக்கிறது என்றும் கேட்டார். கூர்மையான மனிதர்.

நாளையிலிருந்து நான் வெப்பநிலை அனுப்ப மாட்டேன். இரண்டு மணிக்கு எடுத்து மாலையில் அனுப்பினால் முதல் பாரத்துக்குப் பிந்திவிடும், எடுக்க முடியாது என்று எழுதிவிட்டீர்கள். பத்து மணி எண்ணை இனி என் கை எழுதாது. மற்றச் செய்திகள் வழக்கம்போல வரும்.

உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லாத,
றவூப்


கண்டி
1932 ஏப்ரல் 21, வியாழன்

அன்பின் நண்பர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். புத்தாண்டும் ஹஜ்ஜுப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. மஸீனா அக்குறணைக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள். அதற்காக மட்டும் தாமதிக்கவில்லை.

எண் அனுப்புவதை நிறுத்தினால் கண்டிக்கு நேரே அந்த இடம் வெறுமையாகும் என்று நினைத்தேன். வெறுமையாகவில்லை. ஏப்ரல் ஐந்தாம் திகதித் தாளில் கண்டி 83. ஆறாம் திகதி 83. ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாம் 83. ஒவ்வொரு நாளும் கொழும்பும் யாழ்ப்பாணமும் மாறின. கண்டி மாறவில்லை. பெட்டியில் ஓர் இடம் வெறுமையாகப் போகக்கூடாது, எண் வராவிட்டால் கோர்த்த பழைய அச்செழுத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள் என்பது இந்தத் தொழிலில் முதல் வருடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. விசாரணை நடந்த கலவரத்தில், பழைய தாளைப் பார்த்து யாரோ 83 என்று ஒரு தடவை கோர்த்திருக்கிறார்கள். பிறகு யாரும் தொடவில்லை.

தோட்டத்தில் நம் தாளை வாங்குகிறவர் கணக்கப்பிள்ளை. பகல் வெயிலில் வேலையை நிறுத்தக் கேட்டுக் கங்காணி நாலு தரம் போனாராம். நாலு தரமும் கணக்கப்பிள்ளை அன்றைய தாளைத்தான் காட்டினார். எண்பத்துமூன்றுக்கு ஒன்றும் ஆகாது என்று விசாரணையிலேயே முடிவாகிவிட்டது, இன்றைக்கும் எண்பத்துமூன்றுதான் என்றாராம். இதைக் கங்காணியே என்னிடம் சொன்னார்.

பதினோராம் திகதி, திங்கட்கிழமை, பகல் ஒன்றரைக்குச் சுப்பம்மா மலையில் விழுந்தாள். இந்தத் தடவை யாரும் டிஸ்பென்சருக்காகக் காத்திருக்கவில்லை. கம்பளியை நனைத்துச் சுற்றி, நான்கு பெண்கள் கொழுந்துச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் பிழைத்துவிட்டாள். மாலையில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. உயிர் இல்லை.

பிறக்கும்போதே உயிரில்லாத பிள்ளைக்கு மரண விசாரணை கிடையாது. டிஸ்பென்சரின் புத்தகத்தில் “பலவீனம்” என்று ஒரு சொல் இருக்கிறது. அதையும் மற்ற விபரங்களையும் ஐந்து வரியில் தந்தி கொடுத்தேன். வரவில்லை. பதின்மூன்றாம் திகதி, “புத்தாண்டுக்கு முன் கண்டியில் மழை: மக்கள் மகிழ்ச்சி” என்று முதல் பக்கத்தில் வந்தது. அந்த மழைச் செய்தியையும் நான்தான் அனுப்பினேன். பன்னிரண்டாம் திகதி மாலை நாலரைக்குப் பெய்தது. அளவு குறைவு, ஆனால் பெய்தது. பெய்ததை அனுப்பாமல் இருக்க முடியாது.

பெருநாள் முடிந்து திங்கட்கிழமை லயத்துக்குப் போனேன். மஸீனா கொடுத்தனுப்பிய பலகாரமும் கருப்பட்டியும் கொண்டுபோனேன். சுப்பம்மா சாக்கில் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, பேசினாள். அடுத்த வாரம் பிரட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். எந்த மலை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், அதே மலை.

பிறகு, “நானா, எம்புள்ள பொறந்த அன்னிக்குப் பேப்பர்ல என்னா போட்டிருந்தாங்க? வெயிலு எம்புட்டுன்னு போட்டாங்க?” என்று கேட்டாள்.

அந்தத் தாள் என் பைக்குள் மடித்து இருந்தது. கண்டி 83. அன்றைக்குக் கண்டிக்குத் தாள் வரவில்லை, இரயில் தவறிவிட்டது என்று சொன்னேன். அவள் தலையை அசைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

நண்பரே, நீங்கள் எழுதியிருக்கிற ஆறுதலுக்கு நன்றி. ஆசிரியர் என்னை விடுவிக்க நினைக்கவில்லை என்பதற்கும், நுவரெலியா வசந்த காலத்தைப் பற்றி இரண்டு பத்தி கேட்டிருக்கிறார் என்பதற்கும் நன்றி. இரண்டு பத்தியும் சனிக்கிழமைத் தபாலில் வரும். குதிரைப் பந்தய நாட்களைச் சரிபார்த்து எழுதுகிறேன். இனி நான் திருத்தம் கேட்கவில்லை. வெயிலைப் பற்றி ஒரு கட்டுரை கேட்கவில்லை. எதுவும் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் பெரிதாகக் கேட்க ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதற்கு ஆசிரியரின் அனுமதி தேவையில்லை. அச்சுக்கூடத்துக்குப் போய் அந்தப் பெட்டியிலிருந்து கண்டி என்ற வரியை உங்கள் கையால் எடுத்துவிடுங்கள். மற்ற நான்கு ஊர்களும் ஓர் இடைவெளியும் இருக்கட்டும். கேட்பவர்களுக்குக் கண்டியிலிருந்து தகவல் வரவில்லை என்று சொல்லுங்கள். அது உண்மைதான். அடுத்த வாரம் சுப்பம்மா மலைக்குப் போகும்போது, கணக்கப்பிள்ளை விரித்துக் காட்டுவதற்கு நம்முடைய தாளில் ஒரு எண் இருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் சலாம். இந்தக் கோடையில் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு தலைவலியும் வராமல் இறைவன் காக்கட்டும். தினமும் எட்டரைக்கு நான் ஸ்டேசனில் நிற்பேன். கண்டி இல்லாத தாளைக் கையில் எடுக்கும் அன்று, உங்கள் பதில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். நீங்கள் தனியாக எழுத வேண்டியதில்லை.

உங்கள்,
றவூப்